மூன்று விரல் பாடம்

முன்னொரு காலத்தில், மழை தவறாமல் பெய்த வெண்ணாவல் நாட்டைப் பரகண்டன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் எடுத்த முடிவு மாலை வரை அவனிடம் தங்காது. ஒருநாள், "ஏரிகளை இனிப் படித்தவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று நீர்க்கல்விச் சாலை ஒன்றைக் கட்டினான். அங்கே ஏழு ஆண்டு படித்துச் செப்புப் பட்டயம் வாங்கியவன்தான் ஏரி அதிகாரி. மடை திறக்க ஆள் எப்போது இறங்கலாம், எப்போது கூடாது என்று சொல்லும் உரிமை அவனுக்கு மட்டுமே.

சாலையின் தலைவர் திரிலோசனர். அமைச்சர் ஓரியூராரின் பேச்சுக்கு அரசன் தலையாட்டிவிட்டால், அன்றைக்குத் திரிலோசனருக்குச் சோறு இறங்காது.

ஒரு புரட்டாசி நாளில் கீழ்மாவூரிலிருந்து வேம்பன் என்பவன் சபைக்கு வந்தான். ஐம்பத்திரண்டு வயது. ஏரிக்குள் மூழ்கி, அடியில் இருக்கும் மடையின் அடைப்பைப் பிடுங்கித் தண்ணீரைத் திறந்துவிடுவது அவன் வேலை. முப்பத்தைந்து மழைக்காலம் பார்த்தவன்.

"என்ன வேண்டும்?" என்றான் அரசன்.

"பட்டயம் வேணும் ராசா."

சபை சிரித்தது. "சேர்ந்து படியேன்" என்றார் திரிலோசனர். "முதலாண்டுப் பிள்ளைகளோடு உட்காரலாம். முழங்கால் ஆழக் குளத்தில் மூச்சடக்கக் கற்றுத்தருவோம்."

"ஏழு வருசம் ஆகுமே சாமி. மழை அடுத்த மாசம் வருது. போன ஐப்பசியில, தண்ணி இழுக்குது, இன்னைக்கு வேணாம்னு எங்க அண்ணன் சொன்னாரு. பட்டயம் வாங்கின அதிகாரி, நூல்ல இன்னைக்குத்தான் திறக்கிற நாள்னு இறக்கிவிட்டாரு. மூணாம் நாள் அவரை வாய்க்கால்ல பொணமா எடுத்தோம். இந்த வருசம் என் மருமகன் மாரன் முறை. வேணாம்னு சொல்ற உரிமை எனக்கு வேணும். நான் தண்ணிக்குள்ள கழிச்ச வருசத்தைப் படிச்ச வருசமா எடுத்துக்குங்க."

சிரிப்பு அடங்கியது. அரசனுக்கு மட்டும் விளையாட்டுப் புத்தி போகவில்லை.

"இப்போதே சோதிப்போம். தேறினால் பட்டயம். தவறினால், சாலையை இழிவாக எண்ணியதற்காக இனி நீ எந்த ஏரிக்கரையிலும் கால் வைக்கக் கூடாது."

திரிலோசனர் மீசையைத் தடவினார். "அடைப்பை எப்படிப் பற்ற வேண்டும்?"

"இறுக்கிப் பிடிக்கணும்."

"எத்தனை விரலால்?"

"இருக்கிற விரல் எல்லாத்தாலயும்தான்."

திரிலோசனருக்குப் பின்னால் வரிசையாக நின்ற சாலை மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைசி இரண்டு விரல்களை மடக்கி, மற்ற மூன்றையும் நீட்டிக் காட்டினார்கள்.

"முதலாண்டுப் பாடம்! மூன்று விரலால் பற்ற வேண்டும். மன்னா, இவன் தவறிவிட்டான்."

அரசன் தீர்ப்புச் சொல்ல வாயைத் திறக்கும்போது ஓரியூரார் எழுந்தார்.

"ஒரு நொடி மன்னா. ஆசாரியரே, மரமண்டையான எனக்கும் கொஞ்சம் சொல்லுங்கள். ஏன் மூன்று?"

"மூன்று விரல் மூன்று உலகம். மடங்கியவை ஆசையும் அகந்தையும். இதற்கு நூறு ஓலையில் உரை எழுதியிருக்கிறேன்."

"அடேயப்பா! இந்த முறையை எங்கே கண்டீர்கள்?"

"பன்னிரண்டு ஆண்டுக்கு முன், ஒரு மழைக்காலம் முழுக்கக் கரையில் குடை பிடித்து உட்கார்ந்து, ஒருவன் கையைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். ஊர்ப்பெயர் நினைவில்லை. ஆனால் அவனைப்போல் மடை திறந்தவன் இந்நாட்டில் இல்லை."

"அவரே வந்து பட்டயம் கேட்டால்?"

"எழுபது ஆண்டு படித்தவனாகக் கொள்வேன். எங்கள் சாலைக்கே குரு அவன்!"

"அவரோடு வேலை பழகியவர் வந்தால்?"

தன் நூலின் பெருமை ஏறிக்கொண்டே போகும் மகிழ்ச்சியில் திரிலோசனர் குரலை உயர்த்தினார். "ஓராண்டு பழகியிருந்தாலும் போதும். ஏழாண்டையும் கழித்துவிடுவேன். மன்னர் முன்னிலையில் சொல்கிறேன்!"

"எழுதிக்கொள்ளுங்கள்" என்று ஓலை எழுதுபவரிடம் சொல்லிவிட்டு, நூலில் அந்தப் படம் இருந்த ஏட்டை வேம்பனிடம் கொடுத்தார் ஓரியூரார். திரிலோசனருக்கு ஊர் மறந்திருந்தது. அன்று குடை கொடுத்துக் கீழ்மாவூருக்கு அனுப்பிய அமைச்சருக்கு மறக்கவில்லை.

"இந்தக் கை யாருடையது என்று தெரிகிறதா வேம்பா?"

மணிக்கட்டில் இருந்த வளைந்த தழும்பைக்கூட விடாமல் வரைந்திருந்தார் திரிலோசனர். வேம்பன் அதை விரலால் தடவினான்.

"எங்க அண்ணன் சடையன் கை சாமி. எனக்கு வேலை பழக்கினவரே அவருதான்."

"ஏன் இரண்டு விரலை மடக்கினார்?"

"மடக்கலீங்க. அந்த ரெண்டும் அவருக்கு இல்ல. மடைக்கல்லு நசுக்கிடுச்சு. மூணு விரலால அடைப்பைப் பிடிச்சு இழுத்துட்டுக் கரையேறினா, வலி தாங்காம அழுவாரு."

மாணவர்கள் ஒவ்வொருவராக மடக்கிய விரல்களை விரித்தார்கள். அரசன் தொடையைத் தட்டிச் சிரித்தான். கூடவே யாரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

"அந்த மனிதன் உயிரோடு இருந்தபோது ஏன் பட்டயம் கொடுக்கவில்லை?"

"அவன்... விண்ணப்பிக்கவில்லை மன்னா."

"இன்றைக்கு இறங்க வேண்டாம் என்று சொன்னாரே, அது போதாதா?" என்றார் ஓரியூரார்.

அரசன் எழுந்து வந்து, வேம்பன் கையில் தானே பட்டயத்தை வைத்தான். "சட்டம் போட்டவன் நான்தான்" என்றான் மெதுவாக. பிறகு திரும்பினான். "திரிலோசனரே, இந்த மழைக்காலம் நீர் இவரிடம் முதலாண்டு மாணவர். குடை கிடையாது."

ஐப்பசி வந்தது. கீழ்மாவூர் ஏரி நிரம்பிக் கரையை முட்டியது. மாரன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றான். வேம்பன் மடைக்கு மேலிருந்த படியில் இறங்கிக் காலைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தான்.

"இன்னைக்கு யாரும் இறங்க வேணாம். ஏரி உடையாம இருக்கக் கிழக்குக் கரையை வெட்டித் தண்ணியை விடுங்க."

நாற்பது காணி நெல் மூழ்கியது. வயலுக்குச் சொந்தக்காரர்கள் மண்ணை வாரி அவன்மேல் எறிந்தார்கள். "மருமகனைக் காப்பாத்த எங்க வயித்துல அடிச்சிட்டியேடா!" என்று ஏசினார்கள். அதில் பொய்யில்லை. வேம்பன் தலை குனிந்தபடி நின்றான். மாரன் வீட்டுக்கு நடந்தான்.

நனைந்துபோன திரிலோசனர் படியில் இறங்கி வந்தார். "உமக்கு எப்படித் தெரிந்தது?"

வேம்பன் அவர் கையைப் பிடித்து நீருக்குள் அழுத்தினான். தண்ணீர் அந்தக் கையைக் கீழே இழுத்தது. திரிலோசனர் பயந்துபோய்ப் படியைப் பற்றிக்கொண்டார். ஐந்து விரலாலும்.

"போன வருடமும் இப்படித்தான் இழுத்ததா?"

"இதைவிட அதிகம் சாமி" என்றான் வேம்பன். "கையை வச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்கும்."