நாற்பது வண்டிச் சாமானும் ஒரு மூட்டையும்

மருதவேலியை ஆண்ட உதயசேகர மகாராஜா போருக்கு அஞ்சியவரில்லை. பயணம் என்றால்தான் அவருக்குக் குலை நடுங்கும். வண்டி குலுங்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். தலையணை மாறினால் தூக்கம் வராது. வழியில் கள்வர் வந்துவிட்டால் என்ற கவலை வேறு. அதனால் பக்கத்து ஊருக்குப் போவதென்றாலும் நாற்பது வண்டிச் சாமான் கூடவே போகும். அதற்கென்றே பூவராகர் என்று ஓர் அதிகாரி. வண்டி கூடக் கூடத் தன் மதிப்பும் கூடுவதாக நினைக்கிற மனிதர்.

ஒரு நாள் கொடிமலையிலிருந்து ஆள் வந்தான். அந்த நாட்டு ராணி செண்பகவல்லி, மகாராஜாவின் ஒரே தங்கை.

"ராணியம்மா சொன்னதை அப்படியே சொல்லணும்னு உத்தரவு," என்று தயங்கினான்.

"சொல்லு."

"வர்ற பௌர்ணமிக்குப் பிள்ளைக்குக் காதுகுத்து. போன தடவை நாள் குறிச்சப்போ, மெத்தை வண்டி அச்சு முறிஞ்சதுன்னு அண்ணன் வரலை. இந்தத் தடவையும் வரலைன்னா, அந்த மெத்தை மேலேயே பிள்ளையை உட்கார வச்சுக் காது குத்திடுவேன். தாய்மாமன் மடி எங்களுக்கு இனிமே வேண்டாம்."

மகாராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பௌர்ணமிக்கு நான்கே நாள்தான் இருந்தது.

"பூவராகரே, போய்ச் சேர முடியுமா?"

"நாற்பது வண்டி நகர வேண்டாமா மகாராஜா? எட்டு நாளாவது ஆகும். வேண்டுமானால் குழைக்காதரைக் கேளுங்கள். அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே!"

குழைக்காதர் சபையில் ஓலை வாசிப்பவர். சிக்கல் எது வந்தாலும் கடைசியில் அவர் தலையில்தான் விழும். இன்றும் விழுந்தது.

"குழைக்காதரே! எனக்கு அரண்மனைச் சுகம் வேண்டும். கோட்டைப் பாதுகாப்பும் வேண்டும். பௌர்ணமிக்குள் போயும் சேர வேண்டும்."

"ஆகட்டும் மகாராஜா. ஒரு வில்வண்டி, ஒரு மூட்டை. போதும்."

பூவராகர் விழுந்து விழுந்து சிரித்தார். "இதில் ஒன்று குறைந்தாலும் இவர் சபையை விட்டுப் போக வேண்டும்! சம்மதமா?"

"சம்மதம்," என்றார் குழைக்காதர்.

"நான் நாளைக்கே சாமான்களோடு பெருவழியில் புறப்படுகிறேன் மகாராஜா. இவர் மூட்டை பாதி வழியில் பல்லிளிக்கும். அப்போது என் வண்டிகள்தான் உங்களுக்குக் கதி."

"பேஷாகப் போகட்டும்," என்றார் குழைக்காதர். "வெண்கொற்றக் குடை, முரசு, எக்காளம் எல்லாம் கொடுத்தனுப்புங்கள் மகாராஜா. ஆனால் பூவராகரே, கணவாயில் கள்வர் பயம் உண்டு. யாராவது மறித்தால் வண்டிகளை விட்டுவிட்டு ஓடிவிடச் சொல்லுங்கள். உயிர் முக்கியம்."

"குடையைப் பார்த்தாலே கள்வன் நடுங்குவான் ஐயா!" என்று மீசையை முறுக்கினார் பூவராகர். வண்டிக்காரர்கள் மட்டும் அந்த யோசனையைப் பத்திரமாக மனதில் போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் குடையும் முரசுமாகப் பூவராகர் ஊரே அதிரக் கிளம்பினார். அதற்கு அடுத்த நாள் காலையில் வில்வண்டி புறப்பட்டது. மகாராஜாவுக்குச் சாதாரண வேட்டி, மேலே ஒரு துண்டு. மருமகனுக்கான வைரக் கடுக்கன், இடுப்பில் உள்பக்கமாகக் கட்டிய துணிப்பையில்.

குழைக்காதர் மூட்டையை அவிழ்த்தார். மழைக்கு எண்ணெய்த்துணி. தண்ணீருக்குச் சுரைக்குடுக்கை. அடியில் விரிக்க வைக்கோல் திணித்த மெத்தை, மேலே ஜமக்காளம். கடைசியாக, இலவம்பஞ்சு அடைத்து வளைத்துத் தைத்த ஒரு சாமான்.

"என்னய்யா இது? காளை மாட்டுக்குக் கட்டுகிற மாலை மாதிரி!"

"கழுத்தில் போட்டுக்கொண்டு சாயுங்கள் மகாராஜா."

முனகிக்கொண்டே போட்டார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் குறட்டை கேட்டது.

பிற்பகலில் கணவாய் வந்தது. கூட வந்தவன் வண்டிக்காரன் ஒருவன்தான். திருப்பத்தில் பார்த்தால், வழியெல்லாம் கட்டில், மெத்தை, பித்தளை அண்டா, மயில்தோகை விசிறி. முகத்தை மறைத்த ஆட்கள் மூச்சு வாங்கச் சுமந்துகொண்டிருந்தார்கள். தலையில் மெத்தையோடு ஒருவன் கத்தினான்:

"யாருய்யா அது, வழியிலே வண்டியை விட்டுக்கிட்டு? ஓரமாப் போங்கய்யா! இங்கே வேலை நடக்குதில்ல?"

மகாராஜா அரைத் தூக்கத்தில் கேட்டார்: "யார் அது?"

"சாமான் இறக்குகிறவர்கள் மகாராஜா. தூங்குங்கள்."

வண்டி ஓரமாகவே போயிற்று. குழைக்காதர் கணவாய் தாண்டித்தான் மூச்சு விட்டார்.

பௌர்ணமியன்று தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்து வீல் என்று அலறினான். மாமன் கையில் வெல்லத்தைக் கண்டதும் வாயை மூடினான். செண்பகவல்லி அண்ணனின் தோளில் சாய்ந்து அழுதாள். "இடுப்பு வலிக்கலையா அண்ணா?" என்று கேட்டாள். "இடுப்பா? மறந்தே போச்சும்மா!"

அப்போதுதான் பூவராகர் வந்து சேர்ந்தார். இடுப்பில் ஒரு துண்டு, உடம்பெல்லாம் புழுதி.

"நாற்பது வண்டியும் போச்சு மகாராஜா! குடையைப் பார்த்துத்தான் கூட்டமாக வந்தார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு வண்டிக்காரன் எல்லாம் தப்பிவிட்டான். நான்தான் அகப்பட்டேன். போகட்டும். இந்தக் குழைக்காதர் ஒரு வேல், ஒரு வீரன்கூட இல்லாமல் உங்களை அழைத்து வந்திருக்கிறாரே! கோட்டைப் பாதுகாப்பு எங்கே? கேளுங்கள்!"

மகாராஜா நிமிர்ந்தார். "நியாயம்தான். சுகத்துக்குக் கொண்டுவந்ததைப் பார்த்தேன். பாதுகாப்புக்கு என்ன கொண்டுவந்தீர், குழைக்காதரே?"

குழைக்காதர் கைகட்டிச் சொன்னார்: "கொண்டுவரவில்லை மகாராஜா. ஒரு நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டேன். நாற்பது வண்டி நிறைய, குடையும் முரசுமாக. இவர்தான் கூட்டிக்கொண்டு போனார்."

மகாராஜாவுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் சிரித்த சிரிப்பில் பிள்ளை மறுபடி அலறினான். விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றிக் குழைக்காதர் கையில் போட்டார்.

"சரி, ஊர் திரும்ப வேண்டுமே. அதற்கும் பாதுகாப்பு வேண்டுமில்லையா?"

குழைக்காதர் மெதுவாகப் பூவராகர் பக்கம் திரும்பினார்.

"ஐயையோ!" என்று அலறினார் பூவராகர். "நான் உங்கள் வில்வண்டியிலேயே வந்துவிடுகிறேன் மகாராஜா! மூட்டையை நானே மடியில் வைத்துக்கொள்கிறேன்!"