குறைகேட்பவருக்குச் சோறு போட்டவர்

ராஜாக்கள் எதையும் தாங்களே அளந்து பார்க்காத காலத்தில் ஒரு ராஜா இருந்தார், கேளுங்கள். அவர் நாட்டில் விளைந்த நெல்லில் பத்துக்கு ஒன்று வரி. நெல் அளக்கும் மரக்காலை விளிம்போடு வழித்து அளக்க வேண்டும் என்பது சட்டம்.

ஏழு வருஷமாக வரி வசூலித்துவந்த தண்டல்காரர் விருத்தகிரி குடிகளிடம் வழிக்க மாட்டார், மலைபோலக் குவிப்பார். அரண்மனைக் களஞ்சியத்தில் கொட்டும்போது மட்டும் கவனமாக வழிப்பார். நடுவில் தங்கிய நெல்லில் அவர் வீட்டுக்கு மாடி வந்தது.

செம்பாயிக்கு இருந்தது ஒரு துண்டு வயல். அந்த வருஷம் மழையும் குறைவு. மரக்காலுக்கு மேல் குவியலாகப் போனது அவளுடைய விதைநெல். அது திரும்பி வராவிட்டால் விதைக்க ஒன்றுமில்லை.

முதலில் தண்டல் சாவடிக்குப் போனாள். புகாரை வாங்கிக்கொண்டவரே விருத்தகிரிதான். "விசாரித்துவிட்டேன். என்மேல் தப்பில்லை" என்றார்.

ஊர் முணுமுணுத்தது. ராஜா, குறைகேட்பதற்கென்று தனியாக ஓர் அதிகாரியை வைத்தார். பெயர் பஞ்சநதம். யாருக்கும் கட்டுப்படாதவர் என்று தண்டோரா போட்டார்கள். அவருக்குச் சம்பளமும் சாப்பாடும் கொடுக்கும் பொறுப்பை மட்டும் விருத்தகிரியிடமே விட்டார்கள். செலவு மிச்சம் என்று மந்திரிகள் மெச்சினார்கள்.

செம்பாயி இரண்டாம் முறை போனபோது பஞ்சநதம் விருத்தகிரி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குவித்து அளப்பதும் முறைதான் என்று இலையை விட்டு எழாமலே ஓலையில் தீர்ப்பு எழுதினார்.

"கையில நெய்யிருக்கு சாமி. எழுத்தாணி வழுக்கிடப் போகுது" என்றாள் செம்பாயி.

மூன்றாம் முறை சபைக்கே போனாள்.

"புகாரா?" ராஜா கொட்டாவி விட்டார்.

"இல்லீங்க மகாராஜா. குவிச்சு அளக்கிறதுதான் முறைன்னு அதிகாரி எழுதிட்டாரு. நானும் ஒத்துக்கிட்டேன். ஆனா உங்க களஞ்சியத்துல வழிச்சுல்ல கொட்டுறாங்க? ஏழு வருஷமா உங்களுக்கு வரவேண்டிய குவியல் எங்க போச்சுன்னு கேக்க வந்தேன்."

குடிகளின் நஷ்டத்துக்குக் கொட்டாவி விட்டவர், தன் நஷ்டம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அருகில் நின்ற விருத்தகிரி அவசரமாகக் குறுக்கிட்டார். "வழிப்பதுதான் சட்டம் மகாராஜா, குவிப்பது தப்பு" என்று அவர் வாயாலேயே சொன்னார்.

"நானும் அதைத்தான் எழுத நினைத்தேன்" என்றார் அவருக்குப் பின்னால் நின்ற பஞ்சநதம்.

"தப்புன்னா எங்க நெல்லைக் குடுத்துடுங்க" என்றாள் செம்பாயி.

சபையே கேட்டுக்கொண்டிருந்தது. ராஜாவால் மழுப்ப முடியவில்லை. விருத்தகிரியின் குதிர்கள் திறக்கப்பட்டன. செம்பாயிக்கும் ஊருக்கும் நெல் திரும்பியது. இரண்டு பேருக்கும் வேலை போனது.

குறைகேட்க அடுத்தவர் யார் என்று ராஜா கேட்டார். புதிய தண்டல்காரரின் மைத்துனர் ஒருவர் சும்மாதான் இருக்கிறார் என்றார்கள் மந்திரிகள்.

திரும்பி வந்த நெல்லை மூட்டை கட்டிக்கொண்டிருந்த செம்பாயி தலை நிமிராமல் கேட்டாள். "அவருக்குச் சாப்பாடு யார் வீட்டுலங்க?"

மந்திரிகள் கூரையைப் பார்த்தார்கள். ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது, ஏழு வருஷம் தாமதமாக.

வரி வசூலிப்பவனின் தயவில் வாழ்கிறவன், அவன்மேல் வரும் புகாரை ஒருநாளும் நேர்மையாக விசாரிக்க மாட்டான்.