ஆறரை மணி பஸ்ஸும் ஒரே ஓர் இடமும்

உற்சாகமாக இருப்பவர்கள் சற்றுத் தள்ளி உட்காருங்கள். இது அலுத்துப்போனவர்களைப் பற்றிய கணக்கு. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும், ஆனாலும் விடை சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடுக்கும்.

திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரி. அங்கே கணிதத் துறையில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இரண்டாம் ஆண்டில் ஒரு பெண் மருத்துவம் படிக்கப் போய்விட்டதால் ஒரே ஓர் இடம் காலியாயிற்று. வேறு கல்லூரியில் முதல் ஆண்டு முடித்தவர்கள் மாறி வரலாம். அரியர் பாக்கி இருக்கக் கூடாது. இரண்டாம் செமஸ்டர் மதிப்பெண்ணை வைத்து வரிசை.

நாற்பத்து மூன்று விண்ணப்பங்கள் வந்தன. முடித்துக் கொடுக்கவேண்டியவர் துறைத்தலைவி தில்லைநாயகி. சிபாரிசுக் கடிதம், அப்பாமார்களின் கெஞ்சல், அம்மாமார்களின் கண்ணீர் என்று ஒரு மாதமாகப் பார்த்துப் பார்த்து அவருக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. கடைசி நாள், பிற்பகல் நான்கு மணி. ஐந்து மணிக்குள் பதிவேட்டில் ஒருத்தி கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம். அந்த அம்மா கேட்டது அவ்வளவுதான்.

பட்டியலில் முதல் பெயர் கார்குழலி, மணப்பாறைப் பக்கத்துக் கல்லூரி. முதல் செமஸ்டரில் இரண்டு அரியர், கால்குலஸில் இருபத்தொன்று. அடுத்த செமஸ்டரில் அரியரையும் முடித்து, தொண்ணூற்றொரு சதவீதம் வாங்கியிருந்தாள். இரண்டாவது பெயர் ஜெனிட்டா, அதே கல்லூரி, அதே வகுப்பு. இவளுக்கும் முதல் செமஸ்டரில் அதே இரண்டு அரியர், கால்குலஸில் இருபத்துநான்கு. பிறகு எண்பத்தாறு சதவீதம். முதல் பெண் வராவிட்டால் இவள் என்பதால் இவளையும் வரச் சொல்லியிருந்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

கார்குழலி பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடவில்லை.

"மேடம், இந்த இடத்தை ஜெனிட்டாவுக்குக் கொடுத்துடுங்க."

தில்லைநாயகிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "ஏம்மா, இது என்ன விளையாட்டு?"

"இந்த மார்க் என்னுது இல்ல மேடம். நான் தமிழ் மீடியம். முதல் செமஸ்டர்ல நடத்தினது ஒரு வரி புரியல, புத்தகத்தையே மூடி வச்சிட்டேன். அப்புறம் தினமும் ஆறரை மணி பஸ்ல ஒரு மணி நேரம் அவதான் சொல்லிக் கொடுத்தா. அந்த நேரத்துல அவ தனக்குப் படிச்சிருந்தா, இன்னைக்கு நான்தான் வெளிய உக்காந்திருப்பேன்."

சான்றிதழ்க் கட்டைப் புரட்டிய தில்லைநாயகியின் கை ஒரு தாளில் நின்றது. பழைய கல்லூரியின் டி.சி. முதல் பெயர் தன்னுடையது என்று போன் வந்ததுமே, கார்குழலி ஆர்வக்கோளாறில் போய் வாங்கி வந்துவிட்டாள். அங்கே பெயரை அடித்தாயிற்று. இங்கே கையெழுத்துப் போடாவிட்டால் ஒரு வருஷம் வீட்டில்தான். அதற்குப் பிறகு வீட்டில் மறுபடி அனுப்புவார்களா என்பது யாருக்குத் தெரியும்?

"இது தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரியும் மேடம்."

ஜெனிட்டாவைக் கூப்பிட்டார்கள். அவள் இன்னும் டி.சி. வாங்கவில்லை. விஷயத்தைக் கேட்டதும் தோழியை ஒரு முறை முறைத்தாள்.

"லூசாடீ நீ?" என்றாள் முதலில். பிறகு, "எனக்கு வேண்டாம் மேடம்."

"உனக்கு இந்த இடத்துல ஆசை இல்லையா?"

"ஆசை இல்லாமலா அப்ளை பண்ணேன்? ரொம்ப ஆசை மேடம். ஆனா இவளுக்கு நான் ஒண்ணும் தானம் பண்ணல. எனக்கும் கால்குலஸ் சுத்தமா வராது. காலைல பஸ்ல இவ கேள்வி கேப்பாளேன்னு பயந்துதான் சாயங்காலமே உக்காந்து போட்டுப் பாப்பேன். சொல்லிக் கொடுக்கும்போதுதான் எனக்கே புரிஞ்சுது. இவ நகத்தைக் கடிச்சுக்கிட்டு 'ஏன், ஏன்'னு கேக்கலைன்னா நான் இன்னும் அரியர்தான்."

"நான் கேள்விதானே கேட்டேன்..." என்று இழுத்தாள் கார்குழலி.

"அதுதான்டீ சொல்றேன்."

மணி நாலு நாற்பது. பட்டியலில் மூன்றாவது பெண்ணின் அப்பா காலையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டார். இருவரும் வேண்டாமென்றால் இடம் அங்கே போய்விடும். தில்லைநாயகி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எனக்குத்தான் என்று சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளிக்க அவருக்கு முப்பது வருஷப் பழக்கம் உண்டு. உனக்குத்தான் என்று மல்லுக்கு நிற்கிறவர்களை என்ன செய்வது? "கடைசி நாள்லதான் எனக்கு இதெல்லாம் வாய்க்கணுமா?" என்று வாய்விட்டே புலம்பினார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். வாங்கியதைத் திருப்பித் தருகிறேன் என்கிறாள் ஒருத்தி. நான் தரவே இல்லையே என்கிறாள் மற்றவள். இதில் யார் சொல்வது சரி? பேனா யார் கைக்குப் போகவேண்டும்? அன்று அந்த அறையில் உண்மையிலேயே ஒன்றை விட்டுக்கொடுத்தவள் யார்?

விடை: ஜெனிட்டா சொன்னதே சரி. இருபத்துநான்கு வாங்கியவள் எண்பத்தாறுக்கு ஏறினாள் என்றால், பஸ்ஸில் போன நேரம் அவளுக்கும் படிப்புதான். ஒருத்திக்கு நஷ்டம் இருந்தால்தானே மற்றவள் ஈடு செய்யவேண்டும்? ஆகவே வரிசைப்படி பேனா கார்குழலிக்கே. அவள் நாலு ஐம்பத்திரண்டுக்குக் கையெழுத்துப் போட்டாள். தில்லைநாயகி மேஜைக்கடியில் செருப்பைத் தேடினார். ஆனால் விட்டுக்கொடுத்தவள் ஜெனிட்டா. கல்லூரி இடத்தை அல்ல, அது அவள் கையில் இருந்ததே இல்லை. ஏன், ஏன் என்று கேட்டுக் கேட்டு அவளுக்குக் கணக்கைப் புரியவைத்தவள் இனித் திருச்சியில் படிப்பாள். ஆறரை மணி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பைதான் இருக்கும். கார்குழலிக்கு இது அப்போது தோன்றவில்லை, தில்லைநாயகிக்கும் தோன்றவில்லை. ஜெனிட்டாவுக்கு மட்டும் தெரியும். தெரிந்துதான், "போடுடீ, மணியாகுது" என்றாள்.