பதினோரு வாசலுக்குப் பதினோரு வலை

அந்தக் காலத்தில், மனுசனுக்கும் விலங்குக்கும் ஒரே பேச்சாக இருந்தபோது, முயல் இப்படி வெட்டவெளியில் புல்லுக்குள் பதுங்கிக் கிடக்கிற பிராணி இல்லை. மண்ணுக்கடியில் வங்கு தோண்டிக் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நடுவில் நிறுத்தி "அதெப்படி?" என்று கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

செம்மண் கரடு ஒன்றின் அடியில் அப்படி ஒரு பெரிய வங்கு. உள்ளே கிளை கிளையாகப் பிரியும். வெளியிலிருந்து பார்த்தால் பதினோரு வாசல். நரி ஒரு வாசலில் மண்ணைப் பறித்தால் மற்ற பத்து வாசல் வழியாகவும் முயல்கள் பாய்ந்து தப்பிவிடும். அதற்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தன. ஆபத்தை முதலில் உணர்ந்த முயல் பின்னங்காலால் தரையைத் தொம்மென்று உதைக்க வேண்டும். உதை கேட்டதும் மற்றவை ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. எந்த வாசல் பக்கமோ அந்த வாசல் வழியே வெளியே ஓடிவிட வேண்டும். அந்தச் சட்டத்தால் பிழைத்த உயிர்கள் ஏராளம். அதனால் அதை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

கரட்டுக்குக் கீழே மூக்கன் என்று ஒருவன் குடியிருந்தான். பெண்டாட்டி சிலம்பாயி, பிள்ளைகள் மூன்று. அந்த வருசம் அவர்கள் விதைத்த தட்டைப்பயற்றை முயல்கள் குருத்திலேயே மேய்ந்துவிட்டன. அவன் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் பசியில் அழுவதைக் கேட்டுக்கொண்டு எவன் சும்மா இருப்பான்?

நரி பறிப்பதையும் முயல்கள் ஓடுவதையும் மூக்கன் பல நாள் பார்த்துவைத்திருந்தான். சணப்பு நாரை ஊறவைத்துத் தொடையில் உருட்டித் திரித்தான். மூங்கில் ஊசியில் நூலைச் சுற்றிக்கொண்டு, மூன்று விரல் அகலத்துக்கு ஒரு கண் என்று வலை பின்னினான். ஒரு வலை ஒரு முறத்தின் அளவுதான். விளிம்பைச் சுற்றி ஒரு சுருக்குக் கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு முளைக்குச்சி. வாசல்மேல் வலையைத் தளர்வாக விரித்து முளையை அடித்துவிட்டால் போதும். உள்ளேயிருந்து பாய்கிற உயிர், தான் பாய்ந்த வேகத்திலேயே சுருக்கை இறுக்கிக்கொண்டு பொட்டலமாகிவிடும். பதினோரு வலையையும் ஆவாரம்பட்டைச் சாற்றில் வேகவைத்து, கை வாடை போக்கிக் காயப்போட்டான்.

சிலம்பாயி ஒரு வலையைத் தூக்கிப் பார்த்தாள். "வலை நல்லாத்தான்யா இருக்கு. அதுங்க வெளிய வரணுமே? நீ போய் வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடுவியா?"

"நம்ம கீரி போகும்" என்றான் மூக்கன்.

கண் திறக்காத குட்டியாகக் கிடைத்த கீரி ஒன்றை அவர்கள் முட்டை ஊட்டி வளர்த்துவந்தார்கள்.

"நல்லாப் போகும். உள்ளயே ஒண்ணைக் கடிச்சுத் தின்னுட்டுப் படுத்துத் தூங்கும்."

"வாயைக் கட்டித்தான் விடுவேன். அது கடிக்க வேண்டாம் சிலம்பாயி. உள்ள போய் நடந்தாப் போதும்."

நார்க்கயிற்றால் கீரியின் வாயைச் சுற்றிக் கட்டினான். மண்ணுக்கடியில் அது எங்கே இருக்கிறது என்று தெரிவதற்காகக் கழுத்தில் ஒரு சின்ன மணியையும் கட்டினான்.

அந்த வங்கில் தும்பை என்று ஒரு பெண்முயல் இருந்தது. நான்கு நாளுக்கு முன்னால்தான் மூன்று குட்டி போட்டிருந்தது. அந்தக் காலத்து முயல்குட்டி எலிக்குஞ்சு மாதிரி. மயிர் கிடையாது, கண் திறந்திருக்காது, நகரத் தெரியாது. குட்டி போட்ட முயல் தனக்கென்று தனி அறையும் தனி வாசலும் தோண்டிக்கொள்வது வழக்கம். புல்லையும் தன் நெஞ்சு மயிரையும் திணித்து அந்த வாசலை அடைத்து, மேலே மண்ணைத் தள்ளிவிடும். வெளியே நிற்பவருக்கு அங்கே வாசல் இருப்பதே தெரியாது. அது பன்னிரண்டாவது வாசல். மூக்கன் எண்ணியது பதினொன்று.

தை மாதத்தில் ஒரு நாள், வெயில் ஏறத் தொடங்கிய நேரம். மூக்கனும் சிலம்பாயியும் காற்று எதிரே வரும் பக்கமாகக் கரட்டில் ஏறினார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. கை ஜாடையிலேயே பதினோரு வாசலிலும் வலையை விரித்து முளையை அழுத்தினார்கள். ஒரு வலையின் ஓரத்தைத் தூக்கிக் கீரியை உள்ளே விட்டு, மறுபடி மூடினார்கள்.

மண்ணுக்கடியில் மணி கேட்டது.

அதற்கு முன் அந்த வங்குக்குள் அப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்லை. நரிக்கு மணி கிடையாது, பாம்புக்கும் கிடையாது. கிணிங்... கிணிங்... என்று இருட்டுக்குள் எதுவோ வருகிறது. எந்தக் கிளையில் வருகிறது என்று தெரியவில்லை. பிறகு கீரியின் வாடை வந்தது. ஒரு கிழட்டு முயல் தொம்மென்று உதைத்தது.

அவ்வளவுதான். வங்கு முழுக்க ஓட்டம். தும்பையின் ஆண்முயல் நெட்டைக்காதன் அறைக்குள் தலையை நீட்டியது. "உதை கேக்கலையா? ஓடு!"

"புள்ளைங்க?"

"நின்னா நீயும் சாவே. சட்டம் தெரியாதா உனக்கு?" சொல்லிவிட்டு அது ஓடிவிட்டது.

சற்று நேரத்தில் ஒரு வாசலில் பொத்தென்று ஏதோ விழுந்தது. முயல் கத்திக் கேட்டிருக்கிறீர்களா? கைக்குழந்தை வீறிடுவது போலவே இருக்கும். ஒரு வாசலில் அந்தக் கத்தல் எழுந்து, பாதியில் நின்றது. அடுத்த வாசலில் எழுந்தது. அதுவும் நின்றது. ஒன்பது முறை அப்படிக் கேட்டது. அதில் ஒன்று நெட்டைக்காதனின் குரல். தும்பைக்கு அது தெரிந்தது. குட்டிகளைத் தன் வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கிணிங்... கிணிங்... மணி கிட்டே வந்தது. இருட்டில் இரண்டு சிவப்புக் கண்கள் தெரிந்தன.

"நீ ஏன் ஓடலை?" என்று கேட்டது கீரி. வாய் இறுகிக் கிடந்ததால் குரல் மூக்கால் வந்தது.

தும்பை குட்டிகளை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டது.

"பயப்படாதே தாயி. என்னால கடிக்க முடியாது. பாரு, வாயைக் கட்டி வச்சிருக்காங்க."

தும்பை உற்றுப் பார்த்தது. நிஜம்தான். "அப்போ... அவங்க எல்லாரும்?"

"நான் ஒருத்தரையும் தொடலை. மணியைக் கேட்டு அவங்களாத்தான் ஓடினாங்க. ஒவ்வொரு வாசல்லயும் வலை இருக்கு."

கடிக்கவே முடியாத வாய்க்குப் பயந்தா ஒன்பது பேரும் போனார்கள்? அழக்கூட நேரமில்லை. தலைக்கு மேலே பேச்சுக் குரல் கேட்டது.

"மணி நின்னுடுச்சு சிலம்பாயி. இந்த இடத்துலதான். ஒண்ணு ஓடாம உள்ள உக்காந்திருக்கு. மண்வெட்டியை எடு."

தொப், தொப் என்று மேலே வெட்டு விழுந்தது. கூரையிலிருந்து மண் உதிர்ந்து குட்டிகள்மேல் கொட்டியது.

"இந்த வாய்க்கட்டை அறுத்துவிடு" என்றது கீரி. "உனக்குத்தான் பல்லு இருக்கே. நான் என் வழியே போயிடறேன். சத்தியம்."

தும்பை கிட்டே போனது. கட்டிய வாயின் ஓரத்திலிருந்து எச்சில் ஒழுகி மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது. சிவப்புக் கண்கள் குட்டிகளை விட்டு நகரவே இல்லை. இதன் வாயையா நான் அவிழ்த்துவிடுவது?

அடுத்து அது செய்ததை நினைத்தால் எனக்கே உடம்பு சிலிர்க்கிறது. தும்பை கீரியின் கழுத்துக்கடியில் தலையைக் கொண்டுபோனது. கீரியின் மீசை அதன் கன்னத்தில் உரசியது. வாய்க்கட்டு பல்லுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை விட்டுவிட்டு மணிக் கயிற்றைக் கடித்து அறுத்தது. மணியைப் பல்லில் கவ்விக்கொண்டு, குலுங்கக் குலுங்க வங்கின் கடைக்கோடிக்கு ஓடியது.

"அங்க போகுது!" மேலே காலடிகள் ஓடின. கடைக்கோடி அறையில் மணியைப் போட்டுவிட்டுத் தும்பை சத்தமில்லாமல் திரும்பியது. மண்வெட்டிச் சத்தம் இப்போது தூரத்தில் கேட்டது.

கீரி போயிருக்கவில்லை. ஒரு வேரின் முனையில் வாய்க்கட்டைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சரக், சரக். தும்பை முதல் குட்டியைக் கவ்வியது. அடைத்த வாசலின் புல்லைத் தலையால் முட்டித் திறந்து வெளியே பாய்ந்து, கிடைத்த புல்தூருக்குள் போட்டுவிட்டுத் திரும்பியது. சரக், சரக். இரண்டாவதை எடுத்தது. முதல் குட்டியைப் போட்ட இடத்தைத் தேட நேரமில்லை. வேறொரு தூரில் போட்டது. திரும்பி வந்தபோது தேய்க்கும் சத்தம் நின்றிருந்தது.

வாய்க்கட்டு அறுந்து தரையில் கிடந்தது. மூன்றாவது குட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் கீரி வாயைத் திறந்து, மூடி, தாடையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. அதன் மூச்சு குட்டியின் மொட்டை முதுகில் சுடச்சுடப் பட்டது. நான்கு நாள் குட்டி, இன்னும் பத்து நாள் கழித்துத் திறக்க வேண்டிய கண், பயத்தில் பட்டென்று திறந்துகொண்டது. இந்த உலகத்தில் அது முதன்முதலாகப் பார்த்தது அந்தப் பற்களைத்தான்.

"ஓடு!" என்று அலறியது தும்பை. கீரி பாய்ந்தது. தும்பை திரும்பி, தரையை உதைக்கிற அந்தப் பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துக் கீரியின் மூக்கில் விட்டது. அதற்குள் நகரத் தெரியாத குட்டி எழுந்து, ஓடி, வாசலைத் தாண்டிவிட்டது. தும்பையும் பின்னாலேயே பாய்ந்தது.

மூக்கு கிழிந்த கீரி கண்மண் தெரியாமல் வேறு வாசலில் புகுந்து, வலையில் போய் விழுந்தது. மூக்கன் ஓடிவந்து பிரித்தான். பிரித்த கையைக் கடித்துவிட்டு அது புல்லுக்குள் மறைந்தது. மூக்கன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "போதும்யா, கெளம்பு. புள்ளைங்க காத்திருக்கும்" என்றாள் சிலம்பாயி. ஒன்பது முயல்களைத் தோளில் போட்டுக்கொண்டு இருவரும் இறங்கிப் போனார்கள்.

தும்பை மூன்றாவது குட்டியைத் தேடியது. ஒவ்வொரு தூராக மோந்தது. பச்சைக் குட்டிக்கு வாடை இல்லை. கூப்பிடவும் பயம். திரும்பிப் பார்த்தால், தான் வந்த தடத்தை மோந்துகொண்டு கீரி வருகிறது. தும்பை எங்கே வளைந்ததோ அங்கே வளைகிறது, எங்கே நின்றதோ அங்கே நிற்கிறது. அப்போதுதான் அதற்கு உறைத்தது. கீரிக்குக் குட்டிகள் இருக்கும் இடம் தெரியாது. அம்மா இருக்கும் இடம்தான் தெரியும்.

உடனே தும்பை கரட்டைச் சுற்றி ஓட்டமெடுத்தது. கீரியை வெகுதூரம் இழுத்துக்கொண்டு போய், ஒரு பாறையிலிருந்து பக்கவாட்டில் எகிறிக் குதித்துத் தடத்தை அறுத்துவிட்டு, பொழுது சாயும் நேரத்துக்குத் திரும்பியது. மூன்றாவது குட்டி ஒரு தூருக்குள் மண்ணோடு மண்ணாக ஒட்டிக் கிடந்தது. காலையிலிருந்து மூன்று தடவை தும்பை அதைத் தாண்டிப் போயிருக்கிறது. அது அசையவும் இல்லை, கத்தவும் இல்லை.

தும்பை குனிந்து பால் கொடுத்தது. வயிறு நிறைந்ததும் எழுந்தது.

"அம்மா, போகாதேம்மா. பயமா இருக்கு."

"எனக்கும்தான்டா கண்ணு. எனக்கு உன்னைவிட பயம்."

"அப்போ என்கூடவே இரு. அண்ணனுங்களையும் இங்கேயே தூக்கிட்டு வந்துடு."

"என் வாடைதான்டா அதைக் கூட்டிட்டு வரும். நான் பக்கத்துல இல்லாத வரைக்கும்தான் நீ உயிரோட இருப்பே. அசையாம படுத்துக்கோ. நாளைக்கு இதே நேரத்துக்கு வரேன்."

மற்ற இரண்டுக்கும் பால் கொடுத்துவிட்டு, யார் பக்கத்திலும் தங்காமல், மூன்றுக்கும் தூரமாக ஒரு வெட்டவெளியில் போய்ப் படுத்துக்கொண்டது. செய்தி கரடு கரடாகப் பரவியது. மற்ற முயல்களும் வங்கைக் கைவிட்டன. அதற்குப் பிறகு பிறந்த குட்டிகள் உடம்பு முழுக்க மயிரோடும், பிறந்த அன்றே ஓடுகிற காலோடும், திறந்த கண்ணோடும்தான் பிறந்தன.

புல்வெட்டப் போகும் இடத்தில் ஒற்றை முயல்குட்டி கிடந்தால், தாய் விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று யாராவது ஏசுவார்கள். ஏசாதீர்கள். அன்று முதல்தான் முயல் தன் குட்டிகளை ஆளுக்கொரு தூரில் விட்டு, அந்தியில் ஒரு தடவை மட்டும் வந்து பால் கொடுத்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் பெற்ற பிள்ளைகளைப் பார்க்காமல் தூரத்திலேயே படுத்திருக்கிறது.