எடுக்காத பொட்டலம்

"நீங்க ஒரு பொட்டலத்த எடுத்துக் குடுத்துருங்கம்மா. உங்க கை எடுத்தாப் பொய்யாகாது."

நாச்சிமுத்து வந்ததும் வராததுமாகக் கேட்டது இதைத்தான். கும்பிடக்கூட மறந்துவிட்டார். பாவம், மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்க, மனுஷன் நிலைமை அப்படி.

மலையடிவாரத்து மாரியம்மன் கோயிலை ஒட்டி ஒரு சின்ன மடம். அங்கே இருப்பவர் சிவகாமியம்மா. நாச்சிமுத்துவுக்கு அவர்தான் குரு. வயசில் இவர்தான் மூத்தவர், ஆனாலும் அம்மா சொன்னால் மறுபேச்சு கிடையாது.

"உக்காருங்கண்ணா. என்னாச்சு?"

"தெய்வானைக்கு நெஞ்சுல ஆபரேசனுங்க. நாளைக்குக் காலைல. பொழச்சுக்குவாளான்னு டாக்டரக் கேட்டேன். எங்களால முடிஞ்சதப் பண்றோம்னு சொல்றாரு. அதுக்கு என்னங்கம்மா அர்த்தம்?"

அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நாச்சிமுத்து வாங்கிக் கீழே வைத்தார். குடிக்கவில்லை.

"அதான் பூக்கட்டிப் பாத்தனுங்க."

அந்தப் பக்கத்து வழக்கம் இது. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். ரெண்டையும் நிறம் வெளியே தெரியாமல் கட்டி ஆத்தா காலடியில் வைத்துவிட்டு, யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் நடக்கும். சிவப்பு வந்தால் நடக்காது. பெண் எடுப்பதோ கிணறு வெட்டுவதோ, எதுவானாலும் முதலில் பூக்கட்டிப் பார்த்தாக வேண்டும்.

"என்ன பூ வந்துச்சு?"

"செவப்புங்க."

"அப்புறம்?"

"மனசு கேக்குலீங்க. இன்னொரு கோயலுக்குப் போனேன். வெள்ளை வந்துச்சு."

"அப்பச் செரியாப் போச்சே."

"எப்பிடீங்க? எது நெசம்னு தெரியோணுமில்ல. அடுத்த கோயலுக்குப் போனேன். மறுபடியும் செவப்பு."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கேட்டால் சிரிப்பு வரும். நம் வீட்டு ஆள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் நாமும் இப்படித்தான் அலைவோம்.

"காலைல இருந்து இதே வேலையா?"

"ஆமாங்க."

"அக்காகூட இப்ப யாரு இருக்கறாங்க?"

நாச்சிமுத்து தலையைக் குனிந்தார். "நர்சு இருக்குது."

அம்மா தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

"என்னத் தேடுவா. எனக்குத் தெரியாதுங்களா? ஆனா அவ கேப்பாளே, நான் பொழச்சுக்குவனான்னு. என்னன்னு சொல்றது? அத மட்டும் தெரிஞ்சுக்கிட்டுப் போயர்லாம்னுதான்."

சட்டைப்பையிலிருந்து ரெண்டு பொட்டலங்களை எடுத்தார். வழியிலேயே புதிதாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

அம்மா மறுக்கவில்லை. அவரைக் கோயிலுக்குள் கூட்டிப்போனார். ஆத்தா காலடியில் ரெண்டையும் வைக்கச் சொன்னார். ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

நாச்சிமுத்து அதை வாங்கினார். நூலைப் பிரிக்கப் போனார்.

"கொஞ்சம் இருங்கண்ணா. இது எங்கிருந்து வந்துச்சு?"

"நீங்கதான் எடுத்தீங்க."

"எங்கிருந்து எடுத்தேன்?"

"ஆத்தா காலடீல இருந்துங்க."

"எடுக்காத பொட்டலம் எங்க இருக்குது?"

"அதுவும் அங்கதான்..."

நாச்சிமுத்து பேச்சை நிறுத்திவிட்டார். கையில் இருந்ததைப் பார்த்தார். கீழே கிடந்ததைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நிறைந்தது.

பிறகு குனிந்து அதையும் எடுத்துக்கொண்டார். ரெண்டையும் பிரிக்காமல் சட்டைப்பையில் போட்டார்.

"நான் கெளம்பறேனுங்கம்மா."

"தண்ணியக் குடிச்சுட்டுப் போங்க."

குடித்துவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் தெய்வானை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவர் வருவது செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, ஆனாலும் திரும்பவில்லை.

"பூக்கட்டிப் பாக்கப் போனீங்களாக்கும்."

"ஆமா."

"என்ன வந்துச்சு?"

நாச்சிமுத்து கட்டிலோரம் உட்கார்ந்தார். ரெண்டு பொட்டலத்தையும் பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளையும் சிவப்பும் லேசாக வாடியிருந்தன.

தெய்வானை பூவைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டும் ஆத்தா காலடீல இருந்துதுங்களா?"

"ரெண்டுந்தான்."

"எனக்குப் பயமா இருக்குதுங்க."

"எனக்குந்தான் சாமி."

அவள் ரெண்டு பூவையும் சேர்த்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். இன்னொரு கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"செரி. காலைல இருந்து ஒண்ணும் சாப்புட்டிருக்க மாட்டீங்களே?"