நத்தைகுத்தி நாரையின் அலகு

பறவைகளும் நம்மைப் போலப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நத்தைகுத்தி நாரைக்கு அலகு நேராகத்தான் இருந்தது. மூடினால் மேலும் கீழும் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்ளும்.

அப்போது பறவைகள் எல்லோரும் சேர்ந்து தங்கள் ஏரியைப் பெரிதாக்கினார்கள். ஒரு கோடை முழுவதும் அலகு அலகாக மண் சுமந்து கரையை உயர்த்தினார்கள். மழை கொட்டியது. ஏரி இரண்டு மடங்கானது, மீனும் பெருகியது. சேர்த்த தண்ணீர் வெளியே போய்விடக் கூடாதென்று வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் மதகின் பலகையை இறக்கி மூடினார்கள்.

தை மாதம் கூட்டம் கூடியது. தலைவர் வல்லாளர் எழுந்தார். அவர் ஒரு கூழைக்கடா. தொண்டைப்பை குலுங்கக் குலுங்கப் பேசினார்.

"போன வருஷம் தலைக்கு மூன்று மீன். இந்த வருஷம் தலைக்குப் பத்து!"

எல்லோரும் சிறகடித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என் தலைக்கு வந்த பத்து மீனை யார் தின்றது ஐயா?"

கேட்டது செல்லத்தாய் என்ற நாமக்கோழி. வாய்க்கால் போய் முடிகிற கடைமடைக் குட்டையில் வாழ்பவள்.

வல்லாளர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே குழம்பிப்போனார். "கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?"

"கணக்கு சரிதான். குட்டையில்தான் தண்ணீர் இல்லை."

"கொஞ்சம் பொறும்மா. ஏரி நிறையட்டும். நிறைந்தால் தானாக வழிந்து உங்களிடம் வரும்."

"நிறைய நிறையக் கரையை உயர்த்திக்கொண்டே போகிறீர்களே, எப்படி வழியும்?"

கூட்டம் சிரித்தது. காயாம்பூ என்ற நாரை மட்டும் சிரிக்கவில்லை. மண் சுமந்த நாட்களில் அவளுக்கு முன்னால் நடந்தவள் இதே செல்லத்தாய்தான். காயாம்பூ அவளோடு கடைமடைக்குப் போனாள். குட்டை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குஞ்சுகள் அம்மாவைப் பார்த்து வாயைத் திறந்தன, சத்தம் வரவில்லை.

காயாம்பூ நேரே மதகுக்குத் திரும்பினாள். பலகைக்கு அடியில் அலகை நுழைத்தாள். காலை ஊன்றிக்கொண்டு நெம்பினாள். தண்ணீர் பீறிட்டு ஓடியது.

"விடு! ஏரியே போய்விடும்!" என்று வல்லாளர் கத்தினார்.

அவளால் பதில் சொல்ல முடியவில்லை, வாயில் பலகை இருந்தது. வலியில் கண்ணீர் வழிந்தது. அலகு மெல்ல வளைந்தது. அவள் விடவில்லை. செல்லத்தாயும் கடைமடைக்காரர்களும் ஓடி வந்து, ஒரு கல்லை உருட்டிப் பலகைக்கு முட்டுக் கொடுத்த பிறகுதான் தலையை எடுத்தாள்.

குட்டை நிறைந்தபோது ஏரி ஒரு சாண் குறைந்திருந்தது, அவ்வளவுதான். ஆழமில்லாத குட்டையில் வெயில் பட்டு மீன்குஞ்சுகள் கணக்கில்லாமல் பொரித்தன. அடுத்த மழையில் அவை எதிர்நீச்சல் போட்டு ஏரிக்கே ஏறி வந்தன. வல்லாளர் அப்படி ஒரு மீன்கூட்டத்தைப் பார்த்ததே இல்லை. வெட்கமும் சந்தோஷமுமாக அவரே கடைமடைக்குப் போய், "அந்தக் கல் அங்கேயே இருக்கட்டும்மா" என்றார்.

ஆனால் அதற்கெல்லாம் முன்பு, மதகைத் திறந்த அன்று, காயாம்பூவின் அலகு மூடவில்லை. நடுவில் இடைவெளி விழுந்துவிட்டது. பிடித்த மீனெல்லாம் அதன் வழியே நழுவியது. இனி என்ன தின்பது என்று பயந்துபோய் வாய்க்காலோரம் நின்றாள்.

"காயாம்பூ, இங்கே வந்து பார்!" என்று செல்லத்தாய் கூப்பிட்டாள்.

ஈரம் கண்ட சேற்றிலிருந்து நத்தைகள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்திருந்தன. காயாம்பூ ஒன்றைக் கவ்வினாள். உருண்டை ஓடு அந்த இடைவெளியில் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. நழுவவில்லை. ஒன்று, இன்னொன்று, மற்றொன்று! செல்லத்தாயின் குஞ்சுகள் அவளைச் சுற்றிக் கத்திய கத்தலில் கடைமடையே அமளிப்பட்டது.

அன்று விழுந்த இடைவெளி அவள் வம்சத்துக்கே இன்றுவரை மூடவில்லை. வாய்க்கால் தண்ணீர் கடைசி வயலை எட்டியவுடனே நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாக அங்கே வந்து இறங்குவதும் அன்றிலிருந்துதான்.