ராசா அடுக்கின தொட்டி

ஏரி ஒண்ணு, சூளை ஒண்ணு, வேலைவெட்டி இல்லாத ராசா ஒருத்தன், இப்படி ஒரு ஊரு இருந்துச்சாம். சூளை குருவம்மாளோடது. அவ சட்டிபானை சுட்டாத்தான் ஊரு உலை வைக்கும். ராசாவுக்கு என்ன வேலைன்னு கேக்குறியா? மீசைக்கு எண்ணெய் தடவுறதுதான்.

ஊரான் குளிக்கிற ஏரியில நான் குளிக்கிறதான்னு அவனுக்கு ஒரு நாள் ரோசம் வந்துச்சாம். குருவம்மாளைக் கூப்பிட்டு, "எனக்குன்னு ஒரு மண்தொட்டி செய். பொறந்தநாளுக்கு ஊரே பாக்க அதுல குளிக்கணும்"னான். அதோட விட்டானா? தொட்டி கெட்டுப்போனா, அதைச் சூளையில அடுக்கின கை ஏரியைத் தொடக் கூடாது, மண்ணும் கிடையாது, தண்ணியும் கிடையாதுன்னு தமுக்கடிக்கச் சொல்லிட்டான். ஏரி மண்ணு இல்லேன்னா குருவம்மா எதை வச்சுப் பொழைப்பா?

அவ தொட்டியைச் செஞ்சு, காய வச்சு, சூளையில அடியில கவுத்து வச்சா. அப்பப் பாத்து ராசா வந்துட்டான்.

"என் தொட்டி அடியில, ஊரான் சட்டி மேலயா?"

"கனமான சாமான் அடியிலதான் வேகும் சாமி."

"மேல வை! அது ஏன் தலைகீழா நிக்குது?"

"கவுத்தாத்தான் உள்ள சூடு நிக்கும் சாமி."

"நிமித்து! கண்ட சட்டியும் பக்கத்துல நிக்குதே?"

"அந்த இடுக்குல புகுந்துதான் தீ ஏறும் சாமி."

"சுத்திச் சுவர் வை!"

குருவம்மா கையைத் தட்டிட்டு எந்திரிச்சா. "செஞ்ச கை என்னோடது. அடுக்குற கையாவது உங்களதா இருக்கட்டும் சாமி."

ராசாவுக்கு உச்சி குளுந்து போச்சு. ஊரே வேடிக்கை பாக்க, சேவகனுங்க தூக்கிக் கொடுக்க, மேல வச்சான், நிமித்தி வச்சான், சுத்திச் செங்கல்லையும் அடுக்கினான்.

சூளை எரிஞ்சு ஆறுச்சு. ஊர்ச் சட்டியைத் தட்டினா கணீர்னுது. ராசா தொட்டியைத் தட்டினா பொத்துனுது.

"வேகல சாமி. இன்னொரு தடவை அடியில வச்சுச் சுடணும்."

"ஊரான் சட்டி வெந்துருச்சு, என் தொட்டி வேகலையா? போடி!"

பொறந்தநாளும் வந்துச்சு. ஏரிக்கரையில தொட்டியை வச்சு, குடங்குடமாத் தண்ணி ஊத்தினாங்க. ராசா கோவணத்தோட இறங்கி உக்காந்தான். வேகாத மண்ணு தண்ணியைக் கண்டா சும்மா இருக்குமா? விளிம்பு கரைஞ்சுது, அப்புறம் பக்கம் சரிஞ்சுது, அப்புறம் அடியும் விட்டுப்போச்சு. ராசா சேத்துல எருமை மாதிரி கெடக்கான். சிரிக்காதே, இன்னும் இருக்கு.

"இனி இவ ஏரியைத் தொடக் கூடாது!"ன்னு கத்தினான்.

"அடுக்கின கை எதுன்னு ஊரைக் கேளுங்க சாமி."

மொத்த ஊரும் ராசா கையைக் காட்டுச்சு. அவன் சேத்தைக் கழுவ ஏரியில இறங்கப் போனான். தமுக்குக்காரன் குறுக்க நின்னான். "உங்க உத்தரவு சாமி. மண்ணும் கிடையாது..."

"தண்ணியும் கிடையாது!"ன்னு ஊரே கத்துச்சு.

வெயில் ஏறுச்சு. சேறு காஞ்சு, மீசை முள்ளு மாதிரி நின்னுச்சு. குருவம்மா கிட்ட வந்து பாத்தா.

"நல்லாக் காயுங்க சாமி. சூளை சும்மாத்தான் இருக்கு. உங்களை அடியில கவுத்து வைக்கிறேன்."

ஆளுக்குத் தகுந்த மாதிரி எரியிற தீ எங்கயும் கிடையாது கண்ணுங்களா. சூளையும் ஆறுச்சு, கதையும் ஆறுச்சு, படுங்க.